ஊணும் உளநலமும்

உள்ளம் என்பது உடலுக்கு வெளியே எங்கோ தனித்து நிற்பதொரு பொருள் என்னும் எண்ணம் தமிழரிடை எப்படியோ வேரூன்றிப் போயிற்று. கால் முறிந்தவனைக் கட்டுப் போடுவாரிடம் இட்டுச் செல்கின்றனர். காய்ச்சல் கண்டவனை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கின்றனர். உள்ளம் நலிந்தவனை மட்டும் கோள் கணிப்பவனிடமும், வேப்பிலை அடிப்பவனிடமும், சங்கிலி பூட்டும் இடங்களுக்கும் இழுத்துச் செல்கின்றனர். 2001 ஆகத்து 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றிய போழ்து, பூட்டிய சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடமாட்டாமல் 28 உயிர்கள் கருகின. அவ்வுயிர்களுள் எத்தனை, ஒரு குருதி ஆய்வாலும் சில ஊசிகளாலும் மீட்கத் தக்கனவாய் இருந்திருக்குமோ என்னும் வினா இன்றும் விடையின்றியே நிற்கிறது.

பண்டைத் தமிழர் இவ்வாறு உடலையும் உள்ளத்தையும் வெட்டிப் பிரித்தாரல்லர். பித்தம் மிகுந்தால் பித்து என்பது பட்டிக்காட்டுக் கிழவியும் அறிந்த சொல்வழக்கு. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோய்க்கு மருந்தின் பெயர் ஒன்றைத்தானும் கூறாமல், உண்பவனின் உடற்கூறு, உண்டது செரித்த நிலை, உண்ணும் அளவு ஆகியவற்றையே பேசுகிறது. ஒருவனுக்கு ஒத்தது மற்றொருவனுக்கு ஒவ்வாது என்னும் கருத்து அதன் அடியில் கிடக்கிறது. மணிமேகலையிலோ காயசண்டிகை என்பாள், எவ்வளவு உண்டும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோயால் பன்னீராண்டு வருந்துகிறாள். சாத்தனார் அதற்கு ஒரு முனிவனின் சினத்தைக் கரணியமாகக் காட்டினார். அது காப்பியத்துக்குப் பொருந்தும், மருத்துவத்துக்குப் பொருந்தாது. ஆயினும் ஒரே சோற்றை உண்ணும் இருவருள் ஒருவர் உடல் அதனை வேறுவகையாக எரிக்கக்கூடும் என்பதைத் தமிழ் உள்ளம் கண்டிருந்தது என்பதற்கு அஃது ஒரு சான்று. இதற்கு மேல் சென்று, இற்றை அறிவியல் முழுவதும் ஏட்டுச் சுவடியில் இருந்தது என்று மார்தட்டுவது வீண்வேலை. முன்னோர் வாயிலைக் காட்டினர். உள்ளே சென்று பார்க்கும் வேலை பின்னோர்க்கு உரியது.

இக் கருத்தை ஆய்ந்து பார்க்கக் கல்வராயன் மலையினும் ஏற்ற இடம் காண்டல் அரிது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என இரு கூறாய், ஏறத்தாழ 2,000 அடி முதல் 4,000 அடி வரை எழுந்து நிற்கும் அம்மலை, கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் இடையே பரந்து கிடக்கிறது. அங்கு வாழும் பழங்குடியினர்க்கு மலையாளி என்று பெயர். சேரநாட்டாரோடு இப்பெயரைக் குழப்பிக் கொள்ளுதல் வேண்டா, மலையை ஆள்பவர் என்பதே பொருள், பேசுவது தமிழே. காஞ்சியிலிருந்து வந்தோம் என்பது அவர்தம் வாய்மொழி வரலாறு. 1976-இல் ஒழிக்கப்பெறும் வரை மூன்று சாகீர்தார்களின் பிடியில் கிடந்து, கூலியில்லா உழைப்பைக் கொட்டிக் கொடுத்த மக்கள் அவர்கள். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே அவ்விடுதலை மலையேறிற்று.

அம்மக்களின் பழைய உணவு சாமையும் தினையும் கேழ்வரகும், உடன் அவரை, மொச்சை, கொள்ளு, காட்டிற் கிடைத்த கீரையும் கிழங்கும் தேனும், எப்போதேனும் இறைச்சி. உரலில் குற்றிய சாமையில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டியே இருக்கும். இன்றோ நிலம் மரவள்ளிக்குச் சென்று, மரவள்ளி சவ்வரிசி ஆலைக்குச் சென்று, அடுப்பில் பங்கீட்டுக் கடை அரிசி கொதிக்கிறது. தமிழ்நாட்டில் 2011 சூன் திங்கள் முதல் அவ்வரிசி விலையின்றி வழங்கப்பெறுகிறது. அதனைப் பழிப்பது தகாது. பசித்த வயிற்றுக்கு வெறுஞ்சோறும் உயிர்காக்கும். பசியே உளநோய்க்குத் தலையாய உணவுக் கரணியம். ஆனால் வயிற்றை நிரப்புவதும் மூளையை ஊட்டுவதும் ஒன்றல்ல என்பதை ஈண்டு அழுத்திக் கூறல் வேண்டும்.

மூளை தன் எரிபொருளாகக் கொள்வது பெரும்பாலும் சருக்கரையே. அச் சருக்கரையை எரித்து ஆற்றலாக்கத் தையமின் என்னும் பி-1 உயிரூட்டம் இன்றியமையாதது. அது நெல்லின் தவிட்டிலும் முளையிலும் உறைவது. ஆலையில் தீட்டத் தீட்ட அரிசி வெளுக்கிறது. உயிரூட்டம் தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது. இங்குத்தான் தமிழரின் பழக்கமொன்று அவரைக் காத்து வந்தது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குற்றும் போழ்து, தவிட்டிலுள்ள தையமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. வடக்கே கடற்கரை ஆந்திரப் பகுதியில், தீட்டிய பச்சரிசி உண்டோரை பெரிபெரி என்னும் நோய் வாட்டிய காலத்தும், புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகள் அதனின்று பெரிதும் தப்பின. 1918-இல் இராபர்ட்டு மெக்காரிசன் குன்னூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம் இந்நோயை ஆய்வதற்கென்றே தொடங்கப்பெற்றது. அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்று, நாட்டின் தலையாய ஊட்டவியல் நிறுவனமாயிற்று. நீலமலைச் சரிவில் பிறந்த அவ்வறிவியலைத் தமிழ்ப் பாடநூல்கள் உரக்கச் சொன்னதில்லை என்பது வேறு வருத்தம்.

தையமின் அறவே குறைந்தால் மூளை கலங்குகிறது. நடை தள்ளாடும், கண்கள் நிலைகொள்ளாமல் ஆடும், இடம், காலம், ஆள் மயங்கும். 1881-இல் செருமானிய மருத்துவர் வெர்னிக்கே இதனை விளக்கினார். உடனே தையமினை ஊசிவழி ஏற்றினால் பலர் மீள்வர். காலம் தாழ்த்தினால் நினைவு அழிந்துபோகும். அழிந்த இடத்தை இல்லாத நிகழ்ச்சிகளைக் கொண்டு மூளை தானே இட்டு நிரப்பும். அவனைப் பொய்யன் என்பர். பேய் பிடித்தவன் என்பர். குடித்து உளறுகிறான் என்பர். கடைசிச் சொல்லில் ஒரு பாதி மெய்யுண்டு. இந்நோய் இன்று பெரும்பாலும் தாக்குவது நாட்பட்ட குடியரையே. குடிப்பவன் உண்பதில்லை, உண்டதிலுள்ள தையமினையும் சாராயம் குடலில் ஏறவிடுவதில்லை. மயங்கிக் கிடப்பவனைக் குடிமயக்கம் என்று ஒதுக்கிவிடும் ஒவ்வோர் இரவும், மீட்கத்தக்க மூளை ஒன்று அழியக்கூடும் என்பதைத் தமிழ்நாட்டின் வீடுகள் அறிதல் வேண்டும். மதுவை அரசே கடை திறந்து விற்கும் நாட்டில் இச் செய்தி கடைதோறும் எழுதி வைக்கத் தக்கது.

சாராயம் என்றதும் கள்ளக்குறிச்சியைப் பேசாமல் கடத்தல் இயலாது. 2024 சூன் திங்களில் அந்நகரின் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அவர்களைக் கொன்றது, மலையில் வெல்லமும் பட்டையும் கடுக்காயும் ஊறவைத்துக் காய்ச்சும் பழஞ்சாராயமன்று. தொழிற்சாலைக்குரிய மெத்தனால் என்னும் மரச்சாராயம் கலந்த நீர். மெத்தனால் தானாக அத்துணைக் கொடியதன்று. குடித்தவனின் ஈரலே அதனைப் படிப்படியாக மாற்றி, எறும்புக்காடியாக, அஃதாவது எறும்பு கடிக்கும்போது பாய்ச்சும் அதே காடியாக ஆக்குகிறது. அக் காடி கண்நரம்பை எரிக்கிறது. மூளையின் அடிக்கருக்களைச் சிதைக்கிறது. இம்மாற்றம் மெல்ல நிகழ்வதால், குடித்துச் சில மணி நேரம் நலமாகவே இருப்பதுபோல் தோன்றும். பலர் உறங்கச் சென்று விடிந்தபின்னரே பார்வை மங்கிக் கிடப்பர்.

இனி, இவ் வெறும்புக்காடியை உடலினின்று அகற்றுவது எது? கீரைகளில் மிகுந்திருக்கும் போலிக் காடி. இலையின் பெயராலேயே மேலைநாட்டார் அதற்குப் பெயரிட்டமையின் தமிழில் இலைக்காடி எனலாம். இலைக்காடி குறைந்த உடலில் எறும்புக்காடி தேங்கி நிற்கும். மருத்துவர்கள் மெத்தனால் நஞ்சுக்கு மாற்று மருந்தோடு இலைக்காடியையும் ஏற்றுவது இதனால்தான். ஒரே சாராயத்தைக் குடித்த இருவருள் ஒருவன் பிழைக்கிறான், மற்றவன் மடிகிறான் எனின், ஊழ் என்று கைகழுவுவது எளிது. குடித்த அளவு, உடன் கலந்திருந்த வேறு சாராயத்தின் அளவு, மருத்துவமனைக்குச் சென்ற நேரம், உடலிலிருந்த இலைக்காடி, ஈரலின் திறம் என எண்ணத்தக்க கரணியங்கள் இத்தனை உள. கொன்றது மெத்தனாலே, விற்றவர்களே, அதில் ஐயமில்லை. கீரை உண்டிருந்தால் பிழைத்திருப்பர் என்று கூறுவது கொடுமை. ஆனால் நாள்முழுதும் உழைத்து, குழம்பு ஊற்றிய வெறுஞ்சோறு உண்டு, இரவில் குடிக்கும் ஓர் உடல் எத்துணைக் காப்பற்றது என்பதை எண்ணாமல் இருத்தலும் கொடுமையே.

உணவுக் குறை உளநோயாகவே வெளிப்படும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று பெல்லாகரா என்னும் நோய். தோல் கருகி வெடிக்கும், வயிறு போகும், உறக்கம் கெடும், பிறகு சோர்வு, குழப்பம், அறிவுமயக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் உளநோய் மனைகள் இந்நோயாளரால் நிரம்பி வழிந்தன. தொற்றுநோய் என்றனர், பரம்பரைக் கேடு என்றனர். 1914-இல் அதனை ஆயச் சென்ற யோசப்பு கோல்டுபெர்கர் ஒன்றைக் கண்டார்: நோயாளர்க்கு வருகிறது, அவரோடு நாள்முழுதும் பழகும் பணியாளர்க்கு வருவதில்லை. வேறுபாடு தட்டில் இருந்தது. 1915-இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணையொன்றில், தண்டனை மன்னிப்புக்கு ஒப்பித் தாமே முன்வந்தவர்களுக்குச் சோளமாவும் அரிசியும் சருக்கரையுமான உணவைத் திங்கள் கணக்கில் கொடுத்தார். அறத்தின் கண்கொண்டு நோக்கின் வெறுக்கத்தக்க ஆய்வு அது. 11 பேருள் 6 பேர்க்கு நோய் கண்டது. குறைவுற்ற பொருள் நியாசின் என்பது 1937-இல் எல்வேயெம் என்பாரால் துலங்கியது.

அமெரிக்காவில் மக்காச்சோளம் என்றால், தக்காணத்தில் நாட்டுச் சோளம். சோளம் ஒன்றையே பெரும்பாலும் உண்ட ஏழை உழவரிடை ஐதராபாத்துப் பகுதியில் இந்நோயைக் கண்டு ஆய்ந்தவர் சேலத்தில் பிறந்த தமிழர் சி. கோபாலன் (1918-2019). சோளத்தில் மிகுந்துள்ள உலூசின் என்னும் புரதக்கூறு, உடல் நியாசினை ஆக்கிக்கொள்ளும் வழியைத் தடுக்கிறது என்பது 1960-இல் அவரும் அவர்தம் துணைவரும் முன்வைத்த கருத்து. அது முழுதும் மெய்யா என்பதில் அறிஞரிடைக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் சோளத்தோடு பயறும் பாலும் சேர்ந்தால் நோய் அணுகாது என்பதில் வேறுபாடில்லை. தமிழரின் தவசம் என்பதற்காகவே ஒரு தவசத்தைத் தெய்வமாக்குவார்க்கு இது கசக்கும். கசந்தாலும் விழுங்குதல் நன்று. கம்பினையே நாளெல்லாம் உண்பது, அயோடின் குறைந்த இடங்களில் கழுத்துக் கழலையை மிகுவிக்கும் என்பதும் சூடான் நாட்டு ஆய்வுகள் காட்டிய உண்மை. சரிவர ஊறவைத்து வேகவைக்காத மரவள்ளிக்கும் அக்குறை உண்டு.

கழுத்துக் கேடயச் சுரப்பியின் குறை உள்ளத்தை எவ்வாறு குலைக்கும் என்பதை 1949-இல் இலண்டன் மருத்துவர் இரிச்சர்டு ஆசர் 14 நோயாளரைக் கொண்டு காட்டினார். பித்தர் என்று முத்திரை குத்தப்பெற்ற அவர்களுள் பெரும்பாலோர் சுரப்பிச் சாறு கொடுக்கவே தெளிந்தனர். தமிழ்நாட்டில் சோம்பேறி என்றும், சிடுமூஞ்சி என்றும், மாமியாரால் பழிக்கப்பெறும் பெண்கள் எத்துணையரோ! ஒரு குருதி ஆய்வு அவர்களுள் சிலர் வாழ்வையேனும் மாற்றும்.

சிறைப்பண்ணையின் 11 பேரிடம் மீண்டும் செல்வோமாக என்று அறிவியல் அழைக்கிறது. ஒரே சமையல், ஒரே தட்டு. 6 பேர்க்கு நோய். 5 பேர்க்கு அக்காலத்துக்குள் இல்லை. ஏன்? ஒவ்வோர் உடலும் தனக்கென்று ஒரு சமையற்கட்டு வைத்திருக்கிறது. உண்டதை உடைப்பதும் கட்டுவதுமாகிய வளர்சிதை மாற்றத்தை நடத்தும் நொதிகளின் திறம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மேலே கூறிய வெர்னிக்கே நோயிலும், எல்லாக் குடியரும் அதற்கு ஆளாவதில்லை. அந்நோயுற்றார் சிலரின் நொதியொன்று தையமினைப் பற்றிக்கொள்ளும் வலிவு குறைந்தது என்று 1977-இல் ஓர் ஆய்வு கூறிற்று. பின்வந்த ஆய்வுகள் யாவும் அதனை உறுதி செய்தில. பி-12 உயிரூட்டத்திலோ ஐயத்துக்கு இடமேயில்லை. அது பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உள்ளது. இவை கிட்டாத ஏழைக்கும், இவற்றை விலக்கியவர்க்கும் குறைவு நேரும். ஆனால் இறைச்சியை நாள்தோறும் உண்பவர்க்கும், அதனைக் குடலில் ஏற்றிவிடும் பொருளை இரைப்பை சுரக்காவிடில் குறைவு நேரும். நீரிழிவுக்கு ஆண்டுக்கணக்கில் மெட்பார்மின் உட்கொள்வார்க்கும் நேரலாம். மறதி, ஐயுறவு, சோர்வு, சிலர்க்கு முழுப் பிறழ்வு என்று அது வெளிப்படும். முதுமையின் கோளாறு என்று மூலையில் கிடத்தப்பெற்ற எத்தனை பாட்டன்மார் ஊசியை எதிர்நோக்கிக் கிடக்கின்றனரோ!

பிறவியிலேயே நொதியொன்று இல்லாமற் போவதும் உண்டு. 1934-இல் நார்வே மருத்துவர் ஆசுபியோர்ன் போலிங், அறிவு வளராத உடன்பிறந்தார் இருவரின் சிறுநீரை ஆய்ந்து, புரதக்கூறு ஒன்றை உடைக்க மாட்டாத உடல்கள் அவை என்று கண்டார். அப் புரதக்கூறு தேங்கி மூளையை நஞ்சாக்கியது. 1953-இல் அக்கூறு குறைந்த தனியுணவு அமைக்கப்பெற்றது. 1960-களில் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த சில சொட்டுக் குருதியில் நோயை அறியும் முறை வந்தது. அன்றே அறிந்து உணவை மாற்றினால் அக்குழந்தை ஏனையரைப் போலவே கற்று வளரும். அறியாவிடின் வாழ்நாள் முழுதும் அறிவுக்குறை. தாயின் முலைப்பாலே அளவு மிஞ்சின் நஞ்சாகும் உடலும் உண்டென்றால், எல்லார்க்கும் ஒரே உணவு ஒத்துவரும் என்பார் பேச்சு எங்கே நிற்கும்? அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கம் இத்தகைய பிறவிக் குறைகளை மிகுவிக்கும். உறவு விட்டுப்போகக் கூடாது என்று பேசும் பெரியவர்கள், பிறக்கப்போகும் பிள்ளையின் மூளையையும் எண்ணிப் பேசுதல் நலம்.

இவ்வளவும் கூறியபின், எதிர்ப்பக்கத்துப் படுகுழியையும் காட்டியாக வேண்டும். உணவாலே உளநோய் அனைத்தும் தீரும் என்று பொடியும் உருண்டையும் விற்பார் ஊருக்கு ஊர் கிளம்பியிருக்கின்றனர். இவர்களும் வேப்பிலைக்காரரும் ஒரு தாய் மக்கள். உளச்சிதைவு நோயாளி ஒருவர் மருத்துவர் தந்த மருந்தை எறிந்துவிட்டுச் சாமைக்கஞ்சி குடித்துத் தெளிவடைவார் என்பதற்குச் சான்று எதுவுமில்லை. உளச்சோர்வில் உணவு துணைநிற்கும் என்பதற்குச் சிறு சான்று உண்டு. 2017-இல் வெளிவந்த ஆத்திரேலிய ஆய்வொன்றில், 67 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்கு 12 கிழமை உணவைத் திருத்த வழிகாட்டினர். மறு கூற்றினர்க்குப் பேச்சுத்துணை மட்டும் தந்தனர். சோர்வு நீங்கினோர் முன்னவருள் 32 விழுக்காடு. பின்னவருள் 8 விழுக்காடு. காய், பயறு, மீன், கொட்டை, தீட்டாத தவசம் என்பதே அவ்வுணவு. பலர் மருந்தையும் விடாமல் உட்கொண்டே இருந்தனர். நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் சிற்றாய்வு. அவ்வளவே கூறலாம், அதற்குமேல் கூறுவது வாணிகம்.

2024-இல் நச்சுச் சாராயச் சாவுகளுக்குப் பின் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் அங்குப் பேசப்பெற்றன. தட்டும் பேசப்பெறல் வேண்டும். 2023-இல் நீலமலை, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் இரண்டு கிலோவுக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கிய அரசுக்கு, கல்வராயன் மலையில் விளையும் சாமையை அங்கேயே வாங்கி அங்கேயே வழங்குவது பெருஞ்செயலன்று. உழவனுக்கு மரவள்ளியினும் சாமை இழப்பாகாத விலை கிடைத்தால்தான் அது நிலத்துக்குத் திரும்பும் என்பதை மட்டும் மறத்தலாகாது. பங்கீட்டுக் கடைகளில் வழங்கப்பெற்ற செறிவூட்டிய அரிசியில், இரும்பும் இலைக்காடியும் பி-12-உம் சேர்த்துச் செய்த மணிகள் நூற்றுக்கு ஒன்றாகக் கலக்கப்பெற்றிருந்தன. தீட்டும்போது இழந்த தையமின் கட்டாயச் சேர்க்கையில் இல்லை. எடுத்ததை விட்டு எடுக்காததைத் திருப்பித் தருவது விந்தையான அறம்!

மாவட்ட உளநல மருத்துவத்துக்கு முதன்முறை வரும் ஒவ்வொருவர்க்கும், மாத்திரை எழுதுமுன் குருதியின் இரும்பளவு, கேடயச் சுரப்பியின் நிலை, பி-12 அளவு ஆகிய மூன்றையும் பார்ப்பது நெறியாதல் வேண்டும். குடியரென்று கொண்டுவரப் பெறுவார்க்குச் சருக்கரைநீர் ஏற்றுமுன் தையமின் ஏற்றுதல் வேண்டும். ஏற்றாமல் சருக்கரை மட்டும் பாய்ச்சினால், எஞ்சிய சிறிது தையமினும் செலவாகி மூளை மேலும் கலங்கக் கூடும். ஆய்வு முடிவைத் தமிழில் எழுதித் தருதல் வேண்டும். வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த ஒருத்தி, தன் மகன் உடலில் எது குறைந்தது என்பதை ஆங்கிலத் தாளிலிருந்து எங்ஙனம் அறிவாள்? குறைந்தது இன்னது என்று அவள் மொழியில் அறிந்தால், இன்ன கீரை, இன்ன பயறு, வாரம் இத்தனை முட்டை என்று அவளே கணக்கிட்டுக் கொள்வாள்.

சாமை வழங்கும் நாள் வரின் ஒன்றனைக் கருத்தில் கொள்ளுதல் தேவை. உரலும் உலக்கையும் மலையிலும் மூலைக்குச் சென்றுவிட்டன. நகரக் கடைகளில் சிறுதவசம் என்று பையிலிட்டு விற்கும் சாமை, பச்சரிசியினும் வெளுப்பாய்த் தீட்டப்பெற்று வருகிறது. அவ்வாறே தீட்டி மலைக்கு அனுப்புவதாயின் பெயர் மட்டுமே சாமை. உமி நீக்கித் தவிடு நீக்காத சிறு பொறிகளை வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் நிறுவி, மலைப் பெண்டிர் குழுக்களிடமே ஒப்படைத்தல் வேண்டும். தவிடு நீங்காத சாமை நெடுநாள் தங்காது கெடுமாதலின், திங்கள்தோறும் தேவைக்கு மட்டும் குற்றுமாறு ஏற்பாடு செய்தலும் வேண்டும்.